ஒரே வீட்டில் இரண்டு ஒற்றர்கள்

போன இதழில் சரித்திரக் காதல் நாவல்களைப் பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வகைக் கதையைப் பற்றித்தான் கேட்கின்றன: கணவனும் மனைவியும் ஒற்றர்களாக இருக்கும் கதைகள். சரி, இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: தோழி ஒரு நாவலைக் கொடுத்து, படித்தே ஆகவேண்டும் என்கிறாள். 1811-ல் நடக்கும் கதை, லண்டனிலும் லிஸ்பனிலும் மாறி மாறிப் போகிறது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு தலைமையின் கீழ் உளவு வேலை செய்கிறார்கள், ஒருவருடைய வேலை மற்றவருக்குத் தெரியாது. மொத்தம் 450 பக்கம். அறுபது பக்கம் படித்தும் பிடிக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. தொடரலாமா?

பதில்: தொடருங்கள். ஆனால் எடுத்துவிட்டோமே என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம், நூற்றைம்பதாவது பக்கம் வரை போய்ப் பாருங்கள். ஏன் நூற்றைம்பது என்றால், கதையில் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் ஒருவர் சொன்ன பொய் மற்றவரை எங்காவது தொட்டிருக்க வேண்டும், ஒரு சின்னக் காயமாவது பட்டிருக்க வேண்டும். அதுவரை வெறும் விருந்தும் நடனமும் ரகசியக் கடிதமுமாகவே போனால் மீதி முந்நூறு பக்கமும் பெரும்பாலும் அப்படித்தான் போகும்.

இந்த வகை நாவலுக்குள் திருமணம் ஒரு கதை, உளவு ஒரு கதை. நன்றாக எழுதப்பட்டதில் இரண்டும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு பிரிக்க முடியாமல் இருக்கும். சுமாரானதில் ஒரு அத்தியாயம் படுக்கையறை, அடுத்த அத்தியாயம் துப்பாக்கி என்று முறை வைத்து வரும், ஒன்றை உருவி எடுத்தாலும் மற்றொன்று ஆடாமல் நிற்கும். நான் இப்படித்தான் சோதித்துப் பார்ப்பேன்: அந்தக் கணவனை ஒற்றன் என்று நினைக்காமல் ஒரு கப்பல் வியாபாரி என்று வைத்துக்கொண்டு அவர்களுடைய சண்டைக் காட்சி ஒன்றைத் திரும்பப் படிப்பேன். சண்டை ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை என்றால் உளவு என்பது அந்தக் கதைக்கு மேலே போட்ட உடுப்பு மட்டும்தான். அதே மாதிரி அவர்களைக் கணவன் மனைவி என்று நினைக்காமல் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர் என்று நினைத்துக்கொண்டு ஓர் உளவுக் காட்சியைப் படிப்பேன். அதிலும் எதுவும் மாறவில்லை என்றால் திருமணம் எதற்கு?

காதல் நாவல் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஓர் எரிச்சல் உண்டு. இரண்டு பேரும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசியிருந்தால் இருநூறு பக்கம் தேவைப்பட்டிருக்காதே என்று தோன்றும் பாருங்கள், அது. ஒற்றர் தம்பதிக் கதையின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. இவர்கள் வீம்புக்காகவோ கூச்சத்தாலோ பேசாமல் இருக்கவில்லை. வாயைத் திறந்தால் லிஸ்பனில் ஒருவன் தூக்கில் தொங்குவான். வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றரை மற்றோர் ஒற்றர் அறியாதபடி வைத்து ஆள வேண்டும், மூன்று பேர் கொண்டுவரும் செய்தி ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார், 589-வது குறளில். அரசனுக்கு அது மிக நல்ல விதி. அதே விதியைக் கொண்டுபோய் ஒரே மேசையில் சாப்பிட்டு ஒரே கட்டிலில் தூங்கும் இரண்டு பேர் மேல் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் தோழி கொடுத்த நாவல் கேட்க வேண்டிய கேள்வி. ஆளுக்கொரு தலைமை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆசிரியருக்கு அந்தக் கேள்வி தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது, கவனித்துக்கொள்ளுங்கள். ரகசியம் காக்க வேண்டிய காரணம் தீர்ந்துபோன பிறகும் கதையை நீட்டுவதற்காக அவர்களைப் பேசவிடாமல் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கணவனுக்கு மனைவியின் வேலை தெரிந்துவிட்டது, இருவரும் ஒரே பக்கம்தான் என்பதும் தெரிந்துவிட்டது, ஆனாலும் இன்னும் நூறு பக்கத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிறார்கள் என்றால் அந்த இடத்தில் தாராளமாகக் கோபப்படலாம்.

இன்னொன்று. புத்தகத்தின் நடுவில் எங்காவது அவர்கள் இருவர் மட்டும் இருக்கும் ஒரு காட்சியைத் தேடிப் படியுங்கள், ஆபத்து எதுவும் இல்லாத காட்சியாக இருக்கட்டும், காலை உணவு, வண்டிப் பயணம், இரவு விளக்கை அணைக்கும் நேரம், இப்படி ஏதாவது. ஒற்றனாக இருப்பவன் மனைவி கேட்கும் சாதாரணக் கேள்விக்குக்கூட ஒரு நொடி யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், நேற்று ராத்திரி எங்கே போயிருந்தீர்கள் என்ற கேள்வி அவனுக்குச் சாதாரணக் கேள்வியே கிடையாது. அந்த ஒரு நொடி எழுத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். எனக்குத் துரத்தல் காட்சிகளைவிட அந்த ஒரு நொடிதான் முக்கியம்.

கேள்வி: காதல் கதை என்றாலே கல்யாணத்தில் முடியும். இதில் கல்யாணம் முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் படிக்க என்ன இருக்கிறது?

பதில்: எனக்கு அப்போதுதான் கதை ஆரம்பிக்கிறது என்று தோன்றும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் எழுந்து போய்விடலாம். கல்யாணத்துக்குப் பிறகு, அதுவும் அந்தக் காலத்து இங்கிலாந்தில், எழுந்து போக வழியே கிடையாது. மறுமணம் செய்துகொள்ளும்படியான முழு விவாகரத்து வேண்டுமென்றால் 1857 வரை நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது, அது பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் எட்டிய விஷயம். மனைவிக்கென்று சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை 1870, 1882 ஆண்டுச் சட்டங்கள்தான் படிப்படியாகக் கொடுத்தன, அதுவரை பொதுச் சட்டத்தின் பார்வையில் கணவனும் மனைவியும் ஒரே ஆள், அந்த ஒரே ஆள் பெரும்பாலும் கணவன்.

இந்த ஒரே ஆள் என்ற கருத்து உளவுக் கதைக்கு எவ்வளவு தீனி போடுகிறது பாருங்கள். சதி செய்ய இரண்டு பேர் வேண்டும், கணவனும் மனைவியும் ஒரே ஆள், ஆகவே அவர்கள் இருவர் மட்டும் சேர்ந்து சதி செய்தார்கள் என்று குற்றம் சாட்ட இங்கிலாந்துச் சட்டத்தில் இடமில்லை. கணவன் பக்கத்தில் இருக்கும்போது மனைவி செய்யும் பல குற்றங்களுக்கு அவன் கட்டாயப்படுத்தித்தான் செய்தாள் என்று அந்தக் காலத்துச் சட்டமே ஊகித்துக்கொண்டது, ஆனால் ராஜத்துரோகத்துக்கும் கொலைக்கும் அந்தச் சலுகை கிடையாது. எதிரிக்கு உளவு சொல்வது ராஜத்துரோகம். அதாவது மற்ற குற்றங்களில் கணவனின் நிழலில் ஒதுங்க முடிந்தவள் இந்த ஒரு குற்றத்தில் மட்டும் தனியாக நிற்க வேண்டும். இதைத் தெரிந்து எழுதிய நாவலாசிரியர் கையில் ஒரு மனைவிப் பாத்திரம் கிடைத்தால் அவள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் கனமாக இருக்கும்.

அதனால் கல்யாணம் முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிட்டதே என்று தள்ளிவைக்காதீர்கள். வெளியேற முடியாத ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது, சேருவார்களா மாட்டார்களா என்பதைவிட எனக்குப் பெரிய கதை.

கேள்வி: இதெல்லாம் கற்பனையில் மட்டும்தானா? நிஜத்தில் ஒற்றர் தம்பதிகள் இருந்திருக்கிறார்களா?

பதில்: இருந்திருக்கிறார்கள், சிலருடைய வாழ்க்கையை நாவலில் அப்படியே வைத்தால் நம்ப முடியவில்லையே என்று நீங்களே சொல்வீர்கள்.

லூசி ஒப்ராக் பிரெஞ்சுப் பெண், சரித்திர ஆசிரியை. கணவர் ரேமண்ட். இருவரும் 1939 டிசம்பரில் திருமணம் செய்துகொண்டவர்கள், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் சேர்ந்தே இருந்தார்கள். 1943 ஜூன் 21 அன்று லியோன் நகருக்கு அருகே ஒரு மருத்துவர் வீட்டில் நடந்த ரகசியக் கூட்டத்தில் ரேமண்ட் பிடிபட்டார், ஜெர்மானிய ரகசியப் போலீசான கெஸ்டபோ கையில். வயிற்றில் குழந்தையோடு இருந்த லூசி அந்த அதிகாரிகளிடமே நேரில் போய், தன்னை அவருடைய மனைவி என்று சொல்லாமல், அவரோடு பழகிக் கர்ப்பமாகிவிட்ட மணமாகாத பெண் என்று சொல்கிறார். சாகப் போகிற ஆளை மணந்துகொள்ள பிரெஞ்சுச் சட்டத்தில் இடம் உண்டு, குழந்தைக்குத் தகப்பன் பெயர் வேண்டும், அவரைப் பார்க்க விடுங்கள் என்று கேட்கிறார். சந்திப்பு கிடைக்கிறது. 1943 அக்டோபர் 21 அன்று கைதிகளை ஏற்றிச் சென்ற வண்டியை இயக்கத்தார் வழிமறித்துத் தாக்கி ரேமண்டையும் மற்றவர்களையும் மீட்டார்கள், அந்தத் தாக்குதலிலும் லூசி இருந்தார். அடுத்த பிப்ரவரியில் இருவரும் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள், குழந்தை அங்கே பிறந்தது. ஏற்கெனவே மனைவியாக இருப்பவள் தன் கணவனைக் காப்பாற்ற, அவனை மணக்க அனுமதி கேட்டு நின்றாள் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழும்.

ஒடெட் சான்சம் கதை இதற்கு நேர் எதிர்த்திசை. அவரும் பீட்டர் சர்ச்சிலும் பிரிட்டிஷ் உளவு அமைப்புக்காகப் பிரான்ஸில் வேலை செய்தவர்கள், தம்பதி கிடையாது. 1943 ஏப்ரலில் பிடிபட்டபோது தாங்கள் கணவன் மனைவி என்றும், பீட்டர் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் உறவினர் என்றும் ஒடெட் சொன்னார். இரண்டும் பொய். பிரதமரின் உறவு என்றால் கொல்வதற்கு முன் யோசிப்பார்கள் என்ற கணக்கு. சித்திரவதையையும் ராவென்ஸ்புரூக் முகாமையும் தாண்டி அவர் உயிரோடு திரும்பினார், 1946-ல் ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார், 1947-ல் இருவரும் நிஜமாகவே திருமணம் செய்துகொண்டார்கள். அந்தத் திருமணம் பத்து ஆண்டுகள்கூட நிற்கவில்லை. காதல் நாவல் 1947-லேயே முடிந்துவிடும். அதற்கு அப்புறமும் ஒரு பக்கம் எழுதத் துணிகிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது ஜோடியைப் பற்றி நினைத்தால் எனக்கு அவர்களைவிட அவர்களுடைய அக்கம்பக்கத்தாரின் ஞாபகம்தான் வரும். மாரிஸ் கோயன், லோனா கோயன் என்ற அமெரிக்கத் தம்பதி சோவியத் யூனியனுக்காக வேலை செய்தவர்கள், லண்டனின் புறநகரான ரைஸ்லிப்பில் பீட்டர், ஹெலன் குரோகர் என்ற பெயரில் வீடு எடுத்திருந்தார்கள், ஊருக்கு மாரிஸ் பழைய அபூர்வப் புத்தகங்கள் விற்பவர். 1961 ஜனவரியில் கைதானபோது சமையலறைத் தரைக்கு அடியிலிருந்து ரேடியோ கருவி எடுக்கப்பட்டது. இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை, ஆனால் 1969-ல் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை. அவர்களைக் கண்காணிக்க உளவுத்துறை பயன்படுத்தியது எதிர் வீட்டு மாடியை. அந்த வீட்டில் இருந்தது அவர்களோடு நெருங்கிப் பழகிய நட்புக் குடும்பம். தினமும் சிரித்துப் பேசும் சிநேகிதியை ஜன்னல் வழியே கண்காணிக்க இடம் கொடுத்துவிட்டு, மறுநாள் அவளோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டிய நிலை. ஒற்றர் தம்பதி நாவல்களில் அண்டை வீட்டுக்காரிக்கு ஓர் அத்தியாயம் கொடுத்திருக்கிறார்களா என்று நான் தேடுவது இதனால்தான்.

கேள்வி: சரித்திரப் பிழை இருந்தால் என்னால் படிக்க முடியாது, உடனே மூடிவிடுவேன். இந்த வகை நாவலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நெப்போலியன் காலத்துக் கதை என்றால் முதலில் கடிதத்தைப் பாருங்கள், உளவுக் கதையில் கடிதம் கட்டாயம் வரும். அப்போது உறை போட்டு அனுப்புவது வழக்கமில்லை, தாளையே மடித்து அரக்கு முத்திரை வைப்பார்கள், தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுகிறவர்தான் கொடுப்பார், அதுவும் எத்தனை தாள் என்று பார்த்து. தபால்தலை 1840-ல்தான் வந்தது. கதாநாயகி ரகசியக் கடிதத்தை ஒரு தீக்குச்சி கிழித்து எரிக்கிறாள் என்றால், உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி விற்பனைக்கு வந்தது 1827-ல், அவள் மெழுகுவர்த்தியிலோ கணப்பிலோதான் காட்டியிருக்க வேண்டும். செய்தி வேகமாகப் போவதாக வந்தால் உடனே தவறு என்று முடிவு செய்துவிடாதீர்கள், மின்சாரத் தந்தி இல்லாவிட்டாலும் பலகைகளைத் திறந்து மூடிச் செய்தி அனுப்பும் கோபுர வரிசை 1796 முதல் லண்டனையும் துறைமுகங்களையும் இணைத்திருந்தது.

சங்கேத எழுத்தை ஒரே ராத்திரியில் உடைத்துவிடும் கதாநாயகிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிஜத்தில் ஸ்பெயினில் இருந்த பிரெஞ்சுப் படைகளின் பெரிய சங்கேதத்தில் சுமார் 1,400 எண்கள் இருந்தன, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் அதிகாரி ஜார்ஜ் ஸ்கோவெல் அதை 1812-ல் உடைத்தது ஒரே வீச்சில் இல்லை, பிடிபட்ட கடிதங்களைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக. பிரெஞ்சுக்காரர்கள் சோம்பல்பட்டு பாதி வரியைச் சாதாரணச் சொற்களிலேயே எழுதிவிட்டு மீதியை மட்டும் எண்களாக மாற்றியதுதான் அவருக்கு வழி திறந்துவிட்டது. நாவலில் கதாநாயகியும் இப்படி எதிரியின் சோம்பலைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தால் அந்த ஆசிரியரை நம்பலாம்.

ஆனால் ஒரு தீக்குச்சிக்காக நல்ல புத்தகத்தை மூடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மனம் சார்ந்த பிழை இதைவிடப் பெரியது. அந்தக் காலத்தில் வேவு பார்ப்பது கௌரவமான தொழில் கிடையாது. சீருடையோடு எதிரிப் பகுதிக்குள் புகுந்து தகவல் சேகரித்தவன் அதிகாரி, பிடிபட்டால் போர்க்கைதி. 1812-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்ட கோல்கூன் கிராண்ட் சீருடையில் இருந்தார், மரியாதையாக நடத்தினார்கள். சாதாரண உடையில் பிடிபட்டால் தூக்கு. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் ஆண்ட்ரே தன்னைச் சுட்டாவது கொல்லுங்கள் என்று கேட்டும், 1780 அக்டோபர் 2 அன்று தூக்கில்தான் போட்டார்கள். இந்த அவமானம் மனத்தில் துளியும் இல்லாமல், ஒற்றன் என்று தெரிந்தவுடனே எல்லோரும் வியந்து பாராட்டுவதாக எழுதினால் அது இந்தக் காலத்து மனத்தை அந்தக் காலத்து உடைக்குள் திணிப்பது. மனைவியிடம் தன் வேலையைச் சொல்ல ஒருவன் தயங்குவதற்கு ரகசியப் பிரமாணம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, வெட்கமும் காரணமாக இருக்கலாம், அதை எழுதினால் கதை எங்கேயோ போய்விடும்.

கேள்வி: நான் படித்த நாவலில் கதாநாயகன் அவளைக் கண்காணிக்கச் சொன்ன உத்தரவுக்காகவே அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். ஒரு வருடம் அவள் கடிதங்களைத் திருட்டுத்தனமாகப் படித்து மேலே அனுப்புகிறான். கடைசியில் அவளுக்காகக் குண்டடி படுகிறான், அவள் மன்னித்துவிடுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது. நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேனா?

பதில்: எனக்கும் எரிந்திருக்கும். உங்கள் கோபம் நியாயமானது, அவள் எதற்குச் சம்மதித்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது, தெரியாமல் கொடுத்த சம்மதத்தின் மேல் ஒரு வருடக் குடும்பம் நடந்திருக்கிறது. இந்த அமைப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இதை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் மிகப் பெரிய கடனை வாங்குகிறார், திருப்பிக் கட்டித்தான் ஆக வேண்டும். குண்டடி என்பது அந்தக் கடனைக் கட்டாமல் தப்பிக்கும் வழி. ரத்தத்தைப் பார்த்தவுடன் அவள் ஓடி வந்து தலையை மடியில் வைத்துக்கொள்வாள், நாமும் அழுதுவிடுவோம், கேட்க வேண்டிய கேள்விகள் அப்படியே நின்றுபோகும். அவனாக வந்து சொன்னானா, அல்லது அவள் கண்டுபிடித்தபோது மாட்டிக்கொண்டானா? மேலே அனுப்புவதை எந்த நாளில் நிறுத்தினான், நிறுத்தியதற்கு என்ன விலை கொடுத்தான்? உண்மை தெரிந்த பிறகு போக நினைத்தால் போக அவள் கையில் பணமோ இடமோ இருந்ததா? கடைசிக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். போக வழி இருந்தும் அவள் தங்கினாள் என்றால் அதைக் காதல் என்று ஒத்துக்கொள்ளலாம், வழியே இல்லாதவள் தங்கியதற்கு ஆசிரியர் மன்னிப்பு என்று பெயர் வைக்கிறார் என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. நல்ல நாவலில் உண்மை வெளிவந்த பிறகு அவளுடைய கோபத்துக்குப் பல அத்தியாயங்கள் கிடைக்கும். நீங்கள் படித்ததில் எத்தனை பக்கம் கிடைத்தது என்று திருப்பிப் பாருங்கள், பத்துப் பக்கத்துக்குள் அவள் கோபம் அடங்கியிருந்தால் தப்பு உங்கள் மேல் இல்லை.

கேள்வி: படுக்கையறைக் காட்சிகள் அதிகம் என்கிறார்கள். தாண்டிப் படித்தால் கதை புரியுமா?

பதில்: எல்லாவற்றையும் தாண்டினால் சில சமயம் புரியாது. இந்த வகைக் கதையில் இரண்டு பேரும் முகமூடி இல்லாமல் இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம், தூக்கத்தில் உளறுவதும், ஒரு தழும்பை முதன்முதலாகப் பார்ப்பதும், இது எப்படி வந்தது என்று கேட்பதும் அங்கேதான் நடக்கும். பத்தியின் முதல் வரியையும் உரையாடலையும் மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள், போதும். எட்டுப் பக்கத்தில் ஒரு புதுத் தகவல்கூட இல்லை என்றால் மொத்தமாகத் தாண்டலாம், எதையும் இழக்க மாட்டீர்கள்.

கேள்வி: கையில் கிடைத்தது தொடரின் மூன்றாவது புத்தகம். நேராக அதையே படிக்கலாமா?

பதில்: ஒவ்வொரு புத்தகத்திலும் வேறு ஜோடி என்றால் படிக்கலாம். ஒரே தம்பதி தொடர்ந்து வருகிறார்கள் என்றால் வேண்டாம், முதல் புத்தகத்தில் பாடுபட்டுக் காத்த ரகசியம் மூன்றாவதின் இரண்டாம் பக்கத்தில் சாதாரணமாகக் கிடக்கும்.

கேள்வி: கதாநாயகன் பெரிய பிரபு, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்காக உளவு பார்க்கிறான், நாம் அவனுக்காகக் கைதட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு உறுத்துகிறது. நான் அதிகமாக யோசிக்கிறேனா?

பதில்: இல்லை, அந்த உறுத்தலோடே படியுங்கள், அது உங்களை நல்ல வாசகராக்கும். பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது 1807-ல். தன் காலனிகளில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் வந்தது 1833-ல், அப்போதும் இழப்பீடாக ஒதுக்கிய இரண்டு கோடி பவுண்டு அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குத்தான் போனது, அடிமையாக இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆக 1811-ல் ஒரு பிரபுவின் மாளிகைக்கும் குதிரைகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பது நியாயமான கேள்வி. எல்லா நாவலும் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டேன், ஆனால் நாட்டுக்காக என்று சொல்லிக்கொண்டு பொய் சொல்லும் கணவனிடம் எந்த நாடு, யாருடைய நாடு என்று மனைவியாவது ஒரு தடவை கேட்டால் அந்த நாவலை நான் அலமாரியில் வைத்துக்கொள்வேன். ஒருவர் விசுவாசத்தை மற்றவர் சந்தேகப்படும் வீட்டில் அந்தக் கேள்வி தானாகவே எழ வேண்டும், எழாவிட்டால் ஆசிரியர் அதை அழுத்தி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

கேள்வி: 320-வது பக்கத்தில் நிறுத்திவிட்டேன், இன்னும் நூறு பக்கம் இருக்கிறது. கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரியும். மீதியையும் படிக்க வேண்டுமா?

பதில்: சேர்ந்துவிடுவார்கள் என்பது முதல் பக்கத்திலேயே உங்களுக்குத் தெரியும், காதல் நாவல் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கே அதுதான், அப்படியும் முந்நூற்றிருபது பக்கம் படித்திருக்கிறீர்கள். அதனால் நீங்கள் நிறுத்தியதற்குக் காரணம் வேறு ஏதோ என்று நினைக்கிறேன், பெரும்பாலும் நடுவில் வெளி வில்லன் ஒருவன் வந்து கதையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான், தம்பதிக்குள் இருந்த சிக்கல் ஓரமாக ஒதுங்கியிருக்கும். கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். இருவரும் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்து மாளிகைக்குப் போய்க் குழந்தையோடு சிரிக்கிறார்கள் என்று முடிந்தால், ரகசியத்தோடு எப்படி வாழ்வது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் ரகசியத்தையே எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அப்படியிருந்தால் அந்த நூறு பக்கத்தை விட்டுவிடலாம். இருவரும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், ஒருவர் ராத்திரி கிளம்பும்போது மற்றவர் எங்கே என்று கேட்காமல், எப்போது திரும்புவாய் என்று மட்டும் கேட்கிறார், அதற்கு உண்மையான பதில் கிடைக்கிறது, இப்படி ஒரு காட்சி கண்ணில் பட்டால் திரும்பவும் 320-வது பக்கத்துக்கே போய் விட்ட இடத்திலிருந்து படியுங்கள்.